கேட்டதும் எழுதியதும்

கம்பம் பள்ளத்தாக்கிற்கு முதன்முறை வரும் வெளியூர் அன்பர்கள் ஒன்றைக் கண்டு வியப்பதுண்டு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என எந்த ஊரில் பேருந்தை விட்டு இறங்கினாலும், தேநீர்க் கடையிலோ உரக்கடையிலோ, சாமி படங்களுக்கும் தலைவர்களின் படங்களுக்கும் நடுவே, பெரிய மீசையுடன் ஒரு வெள்ளையரின் படம் மாலையோடு தொங்கக் காணலாம். அவர்தாம் கர்னல் ஜான் பென்னிகுயிக். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே நம் பக்கம் திருப்பிய பொறியாளர். 1887இல் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபர் 10ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அவர் மறைந்தது 1911இல். நூறாண்டு கடந்த பின்னரும் அவருடைய பிறந்த நாளாகிய சனவரி 15இல் இங்குள்ள உழவர்கள் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். ஆண் குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவோரும் உண்டு. லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது.

இப்பள்ளத்தாக்கில் குருப்பணி ஆற்ற வந்த நாள் முதல் இவரைப் பற்றிய ஒரு கதையை நாம் குறைந்தது ஐம்பது பேர் வாயிலாகவேனும் கேட்டிருப்போம். கட்டிய தடுப்பணையை வெள்ளம் அடித்துச் சென்றது. இனிச் சல்லிக்காசும் தரமாட்டோம் என்று வெள்ளை அரசாங்கம் கைவிரித்துவிட்டது. துரை சீமைக்குப் போய், சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுக் கொண்டுவந்த பணத்தில் அணையைக் கட்டி முடித்தார். கதையின் உடல் இவ்வளவுதான். சொல்பவரைப் பொறுத்து அணிகலன்கள் கூடும். ஒருவர் வீட்டை விற்றார் என்பார். இன்னொருவர் துரைசாணி தம் கையாலேயே நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பார். ஓர் அம்மையார் அந்த நகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணினார். அவற்றுள் இங்கிலாந்து நாட்டுப் பெண் எவரும் அணிந்திருக்க முடியாத நம்மூர்த் தோடும் ஒன்று!

காகிதம் சொல்வது வேறு. அணை வேலையில் பங்குகொண்ட பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி என்பவர் இத்திட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுத, அது 1899இல் சென்னையில் நூலாக வந்தது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றதெல்லாம் மெய்யே. ஆனால் அணை சென்னை மாகாண அரசாங்கத்தின் பணத்தில் கட்டப்பட்டது. சொத்தும் நகையும் விற்றதற்கான சான்று எதுவும் வெளிவரவில்லை.

இக்கதையைச் செய்தித்தாள்களில் எழுதுவோர் இரு வகையினர். முதல் வகையினர் கேட்டதை அப்படியே வரலாறாக அச்சேற்றி விடுகிறார்கள். இரண்டாம் வகையினர் ஆவணத்தைக் காட்டி, பாமர மக்களின் கற்பனை என்று நகைத்துவிட்டுப் போகிறார்கள். இவர்களில் எவரும் கதை சொன்னவரைச் சரிவரக் கேட்கவில்லை என்பதே நமது எண்ணம். நம் விவசாயி ஒருவர் நடவுக் காலத்தில் கையில் பணமில்லாதபோது என்ன செய்கிறார்? மனைவியின் கழுத்தைப் பார்க்கிறார். அடகுக் கடைக்குப் போகிறார். அறுவடையில் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். சில ஆண்டுகள் மீட்கிறார், சில ஆண்டுகள் நகை மூழ்கிப்போகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் நெல்வயல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெண்ணின் நகை புதைந்திருக்கிறது என்றால் அது மிகையன்று. தமக்குத் தண்ணீர் தந்தவரைத் தம்முள் ஒருவராக எண்ண விரும்பிய மக்கள், தாங்கள் அறிந்த மிகப் பெரிய தியாகத்தை அவர் மீது ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அக்கதை துரையைப் பற்றி நமக்குச் சொல்வது கொஞ்சம். அதைச் சொல்லும் குடும்பங்களைப் பற்றிச் சொல்வதோ அதிகம்.

இத்தாலி நாட்டில் தேர்னி என்றொரு நகரம் உண்டு. பெயரில் நம் தேனிக்கு ஓரெழுத்துத் தொலைவில் இருக்கும் அந்த இரும்பாலை நகரத்தில், 1949 மார்ச் 17இல் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி, நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில் காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி என்ற அறிஞர் அங்குள்ள முதியவர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்தபோது, பலர் அந்தச் சாவை 1953இல் நடந்ததாகவே சொன்னார்கள். அவ்வாண்டில்தான் ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டுத் தெருக்களில் கலகம் மூண்டது. போர்தெல்லி அந்தப் பிழையைத் திருத்திவிட்டு நகரவில்லை. இத்தனை பேர் ஏன் ஒரே மாதிரி பிழைபடச் சொல்கிறார்கள் என்று கேட்டார். தங்கள் தோழன் தொலைதூர ஒப்பந்தம் ஒன்றுக்காக இறந்தான் என்பதை விட, தங்கள் சோற்றுக்காக இறந்தான் என்பதே அவர்கள் மனத்துக்கு ஏற்றதாயிருந்தது. ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டதனால்தான் பிழை பிழையென்று தெரிந்தது. மக்களை மதித்துக் கேட்டதனால்தான் அதன் பொருள் தெரிந்தது.

இவ்வாறு கேட்டுப் பதியும் முயற்சியை வாய்மொழி வரலாறு என்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி பரவத் தொடங்கிய காலத்தில், 1948இல், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு நிலையமே அமைந்தது. அதற்கு உறவு முறையில் பங்காளி போன்றது இலக்கிய இதழியல். செய்தியாளர் ஒருவர் நாளும் கிழமையுமாகச் செய்தியைத் தந்துவிட்டு ஓயாமல், மனிதரோடு தங்கி, அவர் பேசும் விதம், அவர் வீட்டு வாசல், அவர் மௌனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கதை போல் எழுதுவது. ஆனால் ஒரு சொல்லையும் புனைந்து சேர்க்காமல் எழுதுவது. திரு. பி. சாய்நாத் அவர்கள் இந்தியாவின் வறிய மாவட்டங்களில் நடந்து திரிந்து எழுதி 1996இல் வெளியிட்ட நூலில் நம் இராமநாதபுரம், புதுக்கோட்டை மக்களும் இருக்கிறார்கள். 2014இல் அவர் தொடங்கிய கிராமப்புற மக்களின் ஆவணக் களஞ்சியம் தமிழிலும் வருகிறது. வரலாற்றார் பதிவு முழுவதையும் பாதுகாக்க வேண்டியவர். இருமலும் திரும்பச் சொன்னதும் கூட அதில் இருக்கும். இதழாளரோ தேர்ந்தெடுத்து, முன்பின் மாற்றி, வாசகர் கையில் தருபவர். இருவருக்கும் மூலப்பொருள் ஒன்றே: ஒரு மனிதர் தம் வாழ்க்கையைத் தம் வாயால் சொல்வது. லூக்கா நற்செய்தியின் முதல் வரிகளைப் படித்திருக்கும் நம் வாசகர்களுக்கு இது புதிதன்று. கண்ணால் கண்டவர்கள் சொன்னதைக் கேட்டு, ஆய்ந்து, ஒழுங்குபடுத்தி எழுதுவதாக அவரும் சொல்லித்தானே தொடங்குகிறார்!

நிற்க. பெரியாற்று அணையைத் துரை ஒருவரே கட்டவில்லை. சென்னைப் பயனியர் படைப்பிரிவினர் உழைத்தனர். தடுப்பணை வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் நம் மறையினராகவே இருந்திருப்பார்கள். பள்ளத்தாக்கிலிருந்தும் வெளியிலிருந்தும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் மலையேறினர். யானைக் காடு, அடைமழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காட்டுக் காய்ச்சல். மலேரியாவினால் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுள் ஒருவருடைய படமும் எந்தத் தேநீர்க் கடையிலும் இல்லை. காய்ச்சலோடு சுண்ணாம்பு சுமந்த ஒருவர் மாலையில் என்ன சாப்பிட்டார், ஊருக்கு எப்போது பணம் அனுப்பினார், பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்திராத காலையில் என்ன நினைத்தார் என்பது நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. அணை முடிந்த காலத்தில் இருபது வயதாயிருந்த ஒருவர் 1950 வரை கூட உயிரோடு இருந்திருக்கலாம். ஐம்பது ஆண்டுக் காலம் இருந்தது. கேட்டு எழுதுவது ஒரு வேலை என்ற எண்ணம்தான் இல்லாதிருந்தது.

பள்ளத்தாக்கு தண்ணீர் பெற்ற கதையோடு, தண்ணீரால் ஊர் இழந்த கதையும் இம்மாவட்டத்தில் உண்டு. ஆண்டிபட்டி அருகே வைகை அணை கட்டப்பட்டு 1959 சனவரி 21இல் திறக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பிற்காக 14 ஊர்கள் காலி செய்யப்பட்டன. பாசன ஏக்கர் கணக்கும், 71 அடி நீர்மட்டமும் எல்லாருக்கும் தெரியும். வீட்டை விட்டு வெளியேறியவர்களின் கதை நாற்பது ஆண்டுகள் திண்ணைகளிலேயே இருந்தது. 2001இல் கவிஞர் வைரமுத்து ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கள்ளிக்காட்டு இதிகாசம்தான் அதைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது. அவரே அவ்வாறு மூழ்கிய ஊர்களுள் ஒன்றான மேட்டூரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு வடுகபட்டிக்குப் பெயர்ந்தவர். 2003இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அப்போது நாம் உதவிப் பங்குக் குரு. மூழ்கிய ஊர்களுள் ஒன்றிலிருந்து வந்து, மகள் வீட்டில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் வாரந்தோறும் பேரனை அந்தத் தொடரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நாம் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் வழியில் சில வாரங்கள் அதைக் கண்டோம். பேரன் வாசிக்க, இவர் இடையிடையே, "அப்பிடி இல்லடா, அது கிழக்குத் தெரு," என்பார். "நாங்க சாமான் ஏத்துனது ராத்திரியில," என்பார். ஒருநாள் நம்மைப் பார்த்து, "கத நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா எங்க வீடு அதுல வரலையே," என்றார்.

நாவல் என்பது அவ்வாறுதான். நூறு குடும்பங்களின் துயரத்தை ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றிச் சொல்ல அதற்கு உரிமை உண்டு. தெரு மாறியதென்று எவரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்க்கைக் கதையை எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. கிழக்குத் தெரு என்றால் கிழக்குத் தெருவே. இந்த வேறுபாட்டை நாம் வலியுறுத்துவதால் நாவலைக் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். சில வேளைகளில் உண்மைக்கு நாவல் ஒன்றே அடைக்கலமாகிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த டாக்டர் பி. எச். டேனியல், முதிய தொழிலாளர்கள் தம்மிடம் சொன்ன கங்காணிக் காலத்துக் கொடுமைகளையெல்லாம் திரட்டினார். 1969இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்டது அறிக்கை அன்று, 'சிவப்புத் தேநீர்' என்று பொருள்படும் தலைப்பு கொண்ட ஒரு நாவல். அது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என 2007இல் தமிழுக்கு வந்தது. தேனி மண்ணில் பிறந்த இயக்குநர் பாலா 2013இல் எடுத்த 'பரதேசி' படத்திற்கு அடிப்படையும் ஆனது. அத்தொழிலாளர்களின் சொந்தப் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பட்டது கிடைத்தது. அவ்வளவாவது கிடைத்ததே என்று மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிறர் கேட்டு எழுதக் காத்திராமல் தாமே எழுதியோரும் உண்டு. கன்னியர் சபையில் சில ஆண்டுகள் வாழ்ந்து வெளியே வந்த பாமா, 1992இல் 'கருக்கு' நூலை வெளியிட்டபோது, கத்தோலிக்கக் குடும்பங்களில் அது பலருக்குக் கசந்தது. கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் சாதி இருந்ததை ஊர்ப் பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதியிருந்தார். "இப்படிப் பச்சையாகப் பேச்சு வழக்கில் எழுதலாமா?" என்று நம் குருத்துவ நண்பர் ஒருவர் கேட்டார். சாதியை விட்டுவிட்டு மொழியைக் குறை சொல்வது வசதியான வழியல்லவா! அந்நூல் செந்தமிழில் எழுதப்பட்டிருந்தால் அதன் முள் பாதி உதிர்ந்திருக்கும் என்பது நமது கருத்து.

மொழியைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வெளியே வந்தால், போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ச் சாலைகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதைக் காணலாம். கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களில் வேலை செய்து இருட்டும் வேளையில் திரும்புகிறவர்கள். அவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று வந்து, இப்போது முழங்கால் வலியோடு வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியிடம் பேச, நம் பங்கு இளைஞர் ஒருவர் கைபேசியோடு சென்றார். கல்லூரியில் படிப்பவர், கேள்விகளை எழுதி வைத்திருந்தார். கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, விபத்து நடந்ததுண்டா? பாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னார். கைபேசியைக் கண்டதும் குரலைக்கூட மாற்றிக்கொண்டு வானொலியில் பேசுபவர் போல் பேசினார். கேள்விகள் தீர்ந்துபோய், தம்பி எழப்போகும் வேளையில், "அட்டையப் பத்திக் கேக்கவே இல்லையே?" என்றார். அதற்குப் பின் ஒரு மணி நேரம். காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவியது, மழையில் அது கரைந்து போவது, சட்டைக்குள் ஏறிய அட்டையை ஆண் மேஸ்திரி முன்னால் எடுக்க முடியாமல் உச்சிவேளை வரை இரத்தம் ஊறப் பொறுத்திருந்தது. கூலி உயர்வு கேட்டு இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்த கதையும் அந்த அட்டைப் பேச்சின் நடுவில்தான் வந்தது.

தம்பி அதை எழுதிக்கொண்டு வந்தார். "அட்டைகளின் தொல்லை சொல்லொணாததாக இருந்தது" என்று தொடங்கியிருந்தது. எழுதியதை முதலில் பாட்டியிடமே வாசித்துக் காட்டுமாறு சொல்லி அனுப்பினோம். கேட்டுவிட்டுப் பாட்டி, "இது நான் பேசுனது இல்லையே தம்பி. யாரோ டீச்சரு பேசுறாப்புல இருக்கு," என்றாராம். இரண்டாம் முறை அவருடைய சொற்களிலேயே எழுதி வந்தார். அதையும் வாசித்துக் காட்டியபோது, ஓரிடத்தில் பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். மூத்த மகளைப் பற்றிய ஒரு செய்தி. "அத எடுத்துரு. ஒங்கிட்டச் சொன்னேன், ஊருக்குச் சொல்லல."

தம்பிக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதிதான் கட்டுரையின் உயிர் என்று நம்மிடம் வந்து வாதாடினார். அவர் சொன்னதிலும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து பழகிய நமக்கு ஒன்று தெரியும்: மனிதர் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். கேட்பவர் முகம் கனிவாக இருந்தால் இன்னும் அதிகமாகவே மறப்பார்கள். அங்கே நாம் கேட்பது நம்மோடு கல்லறைக்கு வரும், ஐயமே இல்லை. இதழுக்காகக் கேட்பவருக்கு அத்தகைய முத்திரை எதுவும் இல்லை. ஆகையால் எதை அச்சேற்றலாம் என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும் என்பது நமது உறுதியான நிலை. பெலாரஸ் நாட்டு எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் பல நூறு சாதாரண மக்களின் குரல்களைத் தொகுத்து எழுதி 2015இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவரும் இதற்குத் தப்பவில்லை. ஆப்கானிஸ்தான் போரிலிருந்து துத்தநாகப் பெட்டிகளில் பிணமாகத் திரும்பிய வீரர்களைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காக, அவரிடம் பேசிய தாய்மார் சிலரே தங்கள் சொற்கள் திரிக்கப்பட்டன என்று மின்ஸ்க் நகர நீதிமன்றத்தில் அவர் மேல் வழக்குத் தொடுத்தனர். அவர்களைத் தூண்டிவிட்டவர்கள் இருந்தார்கள் என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் தன் மகனைப் பற்றித் தான் அழுதுகொண்டே சொன்னது அச்சில் வேறொன்றாய்த் தெரிந்தால் ஒரு தாய் என்ன செய்வாள்?

மகளைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. கட்டுரை சற்று மெலிந்தது. பாட்டி அதை மடித்துத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

பங்குக் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான பதிவேடுகள் உள்ளன. அடக்கப் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரி. பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், அடக்கம் செய்த நாள், குருவின் கையொப்பம். வயல் வேலை செய்தவர் என்பதோ, மலைக்குப் போனவர் என்பதோ அதில் இல்லை. அது அப்பதிவேட்டின் வேலையும் அன்று. வைகை அணைக்காக ஊர் காலியானபோது பத்து வயதாயிருந்த பிள்ளைகள் இன்று எண்பதை ஒட்டியிருக்கிறார்கள். ஏலக்காட்டில் கங்காணிகளின் கடைசிக் காலத்தைக் கண்டவர்களும் அந்த வயதினரே. இவர்களுடைய ஒரு வரிகளை நாம் மாதந்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆகவே, பாட்டியின் கட்டுரைக்குப் பின், இளைஞர்கள் நால்வர் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பணியைத் தொடர்கிறார்கள். கேள்விப் பட்டியல் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

தொடர்கதையைத் திருத்திக் கேட்ட அந்த முதியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய தங்கை இருக்கிறார். மூழ்கிய வீட்டைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டபோது, பேசுவதை விட்டுவிட்டுத் தம்பியின் நோட்டை வாங்கி வரையத் தொடங்கினார். திண்ணை, குதிர் இருந்த மூலை, அம்மி, பின்வாசல் முருங்கை. தலைவாசலைக் கிழக்கே வைத்தார். அண்ணன் வடக்கு வாசல் என்று சொன்னது நமக்கு நன்றாக நினைவிருந்தது, சொன்னோம். "அவனுக்கு என்ன தெரியும், அவன் எப்பப் பார்த்தாலும் வெளியிலயே கெடப்பான்," என்றார் அம்மையார். படத்தில் கிழக்கு வாசலையே வைத்து, அண்ணன் சொன்னதை ஓரத்தில் அவர் பெயரோடு குறித்துக்கொள்ளுமாறு தம்பியிடம் சொன்னோம். வரும் ஞாயிறு பூசைக்குப் பின் மாட்டுத் தொழுவத்தைப் பற்றிச் சொல்வதாக அம்மையார் வாக்களித்திருக்கிறார்.